புதிய பங்கில் முதல் ஞாயிறும் முதல் மாதமும்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க மறைமாவட்டங்களில் சாமியார்கள் (குருக்கள்) மாற்றம் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வரும். பள்ளி திறக்கும் முன் புதிய ஆள் வந்துவிட வேண்டும் என்பது ஒரு காரணம். மறைமாவட்டத் தலைவரான ஆயரின் இல்லத்துப் பட்டியல் வெளியான சூட்டோடு அது வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றிவிடும். வரப்போகிறவருடைய சொந்த ஊர், இதற்கு முன் இருந்த பங்கு (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்), அங்கே கட்டிய கட்டடம், அங்கே போட்ட சண்டை, பிரசங்கம் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர் பெட்டி கட்டுவதற்குள் மக்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே முதல் ஞாயிறு பீடத்தில் நின்று உங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் மிச்சமிருக்காது. மக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததுதான் மலையளவு இருக்கும். முதன்முறையாகப் பங்குத்தந்தையாகப் போகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

பெட்டி கட்டும் முன்

பொறுப்பேற்கும் நாளுக்கு முன்னால் ஒரு வார நாளில், யாருக்கும் அறிவிக்காமல், பழைய சாமியாரைப் போய்ப் பாருங்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒப்படைப்பைப் பிரிவு உபசார நாளின் கூட்டத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டால் சாவிக்கொத்து மட்டும்தான் கைமாறும், கணக்கு மாறாது.

எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்? நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் சாவி தனியாக. திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள், கடைசிப் பதிவு எது என்று பார்த்து. வங்கிப் பாஸ்புக், நிரந்தர வைப்பு ரசீதுகள், நிலத்தின் பத்திரம், பட்டா. மாதா சுரூபத்துக்கு நகை இருந்தால் எடை போட்டு எழுதிய பட்டியல். இதில் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். "அண்ணன் மேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்" என்று எடை போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு சங்கிலி குறைகிறது என்று ஊர் கிளம்பும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்பார்கள். திருச்சபைச் சட்டம் 1283 இந்தச் சொத்துப் பட்டியலைப் பொறுப்பேற்கும் முன்பே தயாரிக்கச் சொல்கிறது. ஒரு படி பங்கு அலுவலகத்தில், ஒரு படி ஆயர் இல்லத்தில் இருக்க வேண்டும். விதிப்படி செய்கிறோம் என்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கடன்களைத் தனித் தாளில் எழுதி வாங்குங்கள். ஹாலோபிளாக் காரருக்கு எவ்வளவு, சவுண்டு சர்வீஸுக்கு எவ்வளவு, ஆகஸ்டில் வரும் திருவிழாவுக்குப் பந்தல்காரரிடம் கொடுத்த முன்பணம் எவ்வளவு. ஜூனில் வருகிறவருக்கு ஆகஸ்டு 15, செப்டம்பர் 8 மாதா திருவிழாக்கள் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டவையாகவே கிடைக்கும். அதில் கை வைக்கவும் நேரமிருக்காது, வைக்கவும் கூடாது.

பூசைக் கருத்துகளுக்கு (இன்னாருக்காக என்று மக்கள் பணம் கொடுத்துக் கேட்கும் பூசைகளுக்கு) ஒரு தனிப் பதிவேடு உண்டு, இருக்க வேண்டும். மக்கள் பணம் கொடுத்து இன்னும் நிறைவேற்றாத பூசைகள் எத்தனை, அதற்குரிய பணம் எங்கே என்று கேளுங்கள். பணம் செலவாகி, பூசை மட்டும் பாக்கியாக வந்து சேர்வது பல பங்குகளில் நடக்கிறது. பாக்கிப் பூசைகளை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டால் அவற்றை நிறைவேற்றும் கடமையும் உங்கள் தலையில்தான்.

வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்ற, நியமனக் கடிதமும் தீர்மான நகலும் ஆதாரும் பேன் கார்டும் கொடுத்த பிறகும் சில நாள், சில கிளைகளில் சில வாரம்கூட ஆகும். அதற்குள் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் சம்பளம், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சம்பளம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில் எல்லாம் வந்து நிற்கும். பழையவர் போகும் முன்பே இவற்றுக்குக் காசோலை போட்டு வைக்கச் சொல்லுங்கள். பள்ளித் தாளாளர் பொறுப்பும் உங்களுக்கே என்றால் ஆசிரியர் சம்பளப் பட்டியலுக்கும் இதே சிக்கல்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வைகாசி முகூர்த்த நாட்களில் கல்யாணங்கள் அடுக்கியிருக்கும். பழையவர் புதன்கிழமை கிளம்புகிறார், நீங்கள் ஞாயிறு பொறுப்பேற்கிறீர்கள், வெள்ளிக்கிழமை ஒரு திருமணம் என்று வைத்துக்கொள்வோம். திருமணத்தை நடத்தி வைக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் வருகிறது. நியமனக் கடிதம் கையில் இருப்பது போதாது. வெள்ளிக்கிழமைத் திருமணத்துக்கு ஆயரிடமோ அவருக்கு அடுத்த பொறுப்பில் உள்ள முதன்மைக் குருவிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்; உதவிப் பங்குத்தந்தை இருந்தால் இடைக்காலப் பொறுப்பு அவருக்கு வருகிறது என்பதால் அவரை நடத்தச் சொல்லலாம். இல்லையென்றால் அந்தத் திருமணம் செல்லுமா என்ற கேள்வி என்றாவது ஒரு நாள் மறைமாவட்ட நீதிமன்றத்தில் எழும்.

பொறுப்பேற்கும் நாள்

ஆயரோ, அவர் அனுப்பும் மறைவட்ட (பல பங்குகள் சேர்ந்த வட்டாரம்) முதல்வரோ வந்து பணியில் அமர்த்துவார். நியமனக் கடிதம் வாசிக்கப்படும். விசுவாச அறிக்கை, பிரமாணிக்க உறுதிமொழி இரண்டையும் புதியவர் சொல்ல வேண்டும். சில இடங்களில் ஆயர் இல்லத்திலேயே முன்கூட்டி முடித்துவிடுவார்கள். வழிபாட்டு நூல் தரும் முறையில் புதிய பங்குத்தந்தையை நற்கருணைப் பேழைக்கும் திருமுழுக்குத் தொட்டிக்கும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் இருக்கைக்கும் அழைத்துச் செல்லலாம். கோயில் சாவியை ஒப்படைக்கலாம். அவரே மணியை அடிக்கலாம். மக்களுக்கு மிகவும் பிடித்தது இந்த மணியடிப்புதான், விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை அன்றே போட்டு, ஒரு படியை வந்தவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

சிக்கல் எல்லாம் கோயிலுக்கு வெளியே. மேளம், வெடி, ஆரத்தி, மாலை, அதன் பிறகு பொன்னாடை. பங்குப் பேரவை ஒன்று, மரியாயின் சேனை ஒன்று, வின்சென்ட் தே பவுல் சபை ஒன்று, இளைஞர் இயக்கம் ஒன்று, இருபது அன்பியங்களுக்கு (அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுக்கள்) இருபது, ஊர் நிர்வாகம் ஒன்று, கவுன்சிலர் ஒன்று. ஒரு பொன்னாடைக்கு ஒரு நிமிடம் என்றாலும் அரை மணி போய்விடும். யார் முதலில் போர்த்துவது என்பதில் வரும் முறைப்பு அடுத்த திருவிழா வரை நீடிக்கும். முன்கூட்டியே பேரவைச் செயலாளருக்குப் போன் செய்து, "பங்கு முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு பொன்னாடை, வயதில் மூத்த ஒருவர் போர்த்தட்டும், மற்றவர்கள் விரும்பினால் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஜூன் மாதம் என்பதால் நோட்டு நன்றாகவே சேரும். ஃப்ளெக்ஸ் போர்டைத் தடுக்க முடியாது. அதில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் யார் யார் சிரிக்கிறார்கள், யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பங்கின் கட்சிகள் பாதி அதிலேயே தெரியும்.

பீடத்தில் ஐந்து நிமிடம்

பொறுப்பேற்ற பின் நீங்கள் தனியாக நிறைவேற்றும் முதல் ஞாயிறு பூசை, பங்கு மக்களுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டிய பூசை. சட்டம் 534 ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் (கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள்) இதைக் கடமையாக்குகிறது. அந்தப் பூசைக்கு வேறு கருத்துப் பணம் வாங்கக் கூடாது. "இன்றைய பூசை உங்கள் எல்லாருக்காகவும்" என்று தொடக்கத்தில் ஒரு வரி சொன்னால், உங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதைவிட அது மக்கள் மனதில் நிற்கும்.

மறையுரையில் அன்றைய நற்செய்தியை மட்டும் பேசுங்கள். குருமடத்தில் சேர்ந்த கதை, அம்மா கண்ட கனவு, ரோமில் படித்தது எல்லாம் அங்கே வேண்டாம். முதல் ஞாயிறன்று மக்கள் உங்கள் வாழ்க்கையைவிடக் குரலைக் கவனிக்கிறார்கள்: மைக்கில் தெளிவாகக் கேட்கிறதா, கத்துகிறாரா, முடிக்கத் தெரிகிறதா. பத்து நிமிடத்தில் முடித்தால் அதுவே நல்ல பெயர். மைக் விஷயத்தை முந்தின நாள் மாலையே சரிபாருங்கள். பழையவர் உயரத்துக்கு வைத்த ஸ்டாண்டில் நீங்கள் குனிந்து நிற்பதும், கூவும் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டுவதும் முதல் அபிப்பிராயத்தைக் கெடுக்கும்.

தன்னறிமுகத்துக்கு இடம், கடைசி ஆசீருக்கு முன் அறிவிப்புகள் வரும் நேரம். இப்படி இருந்தால் போதும்:

"என் பெயர் இன்னது. இன்ன ஊர்ப் பங்கைச் சேர்ந்தவன். இன்ன வருடம் குருப்பட்டம் பெற்றேன். கடைசியாக இன்ன பங்கில் பணி செய்தேன். எனக்கு முன் இங்கே உழைத்த இன்ன தந்தைக்கு நன்றி. அவர் தொடங்கிய வேலைகள் தொடரும். பூசை நேரங்களில் மாற்றம் இல்லை. அலுவலகம் காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, செவ்வாய்க்கிழமை விடுமுறை. நோயில்பூசுதலுக்கு மட்டும் நேரம் காலம் பார்க்க வேண்டாம். நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள், எண் பலகையில் இருக்கிறது. உங்கள் பெயர்களை நான் கற்றுக்கொள்ள நாளாகும். தப்பாகக் கூப்பிட்டால் திருத்துங்கள்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. பழையவரைப் பெயர் சொல்லிப் பாராட்டாவிட்டால் அவர் ஆட்கள் அன்றே விலகுவார்கள். அளவுக்கு மீறிப் பாராட்டினால் அவரோடு சண்டை போட்டவர்கள் விலகுவார்கள். ஒரு வரி சரியான அளவு. "பூசை நேரத்தில் மாற்றம் இல்லை" என்பதுதான் எல்லாரும் காத்திருக்கும் செய்தி. ஏழு மணிப் பூசை முடிந்து எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள், கிளைக் கிராமத்திலிருந்து நடந்து வருகிறவர்கள், பூக்கட்டும் வேலைக்குப் போகிறவர்கள் என்று அந்த நேரத்தைச் சுற்றிப் பலருடைய ஞாயிற்றுக்கிழமை கட்டப்பட்டிருக்கிறது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் மூன்று மாதம் கழித்துப் பேரவையில் வைத்துப் பேசலாம்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "நான் கொஞ்சம் கண்டிப்பானவன்" என்பது ஒன்று. "புதுக் கோயில் கட்டுவோம்" என்பது மற்றொன்று. அன்று மாலையே வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய கோயில் வரி எவ்வளவு என்று தெருவில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

திருமண ஓலை (கல்யாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு) வாசிப்பதும் அன்று உங்கள் வேலையாக இருக்கலாம். கடற்கரைப் பங்கென்றால் பர்னாந்து, கர்வாலோ, மோத்தா போன்ற குடும்பப் பெயர்கள் வரும். உள்நாட்டுப் பங்கில் இடத்துக்கு இடம் வேறு வழக்கு. முந்தின நாள் உபதேசியாரை உட்கார வைத்து ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா பெயரைத் தப்பாக வாசித்தால் மூன்று ஓலை முடியும்வரை அந்த வீட்டில் அதுதான் பேச்சு.

"சாமிக்கு எந்த ஊரு?"

பூசை முடிந்து வெளியே வந்ததும் முதலில் வரும் கேள்வி இது. ஊரைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும் என்று கேட்கிறவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெரும்பாலும் பதில் தெரிந்தேதான் கேட்பார்கள். சொந்தப் பங்கின் பெயரை மறைக்காமல், விளக்காமல் சொல்லிவிடுங்கள். "நான் சாதியெல்லாம் பார்ப்பதில்லை" என்ற வசனத்தை முதல் மாதம் எங்கேயும் பேச வேண்டாம். முன்பு வந்த எல்லாரும் அதைச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் எந்தத் தெருவுக்கு முதலில் போகிறீர்கள், எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

பீடத்தைச் சுற்றியுள்ளவற்றில் காத்திருப்புக்கு இடமில்லை. வாசகம் வாசிப்பவர், பீடச் சிறுவர், காணிக்கைப் பவனியில் வருபவர் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாகவே இருந்தால் இரண்டாம் ஞாயிறே பட்டியலை அன்பியம் வாரியாகச் சுழலவிடுங்கள். சத்தமில்லாமல் செய்யக் கூடியது இது. கல்லறைத் தோட்டம், தேர் போகும் தெரு, திருவிழா வரி போன்றவை வேறு ரகம். அவற்றுக்குப் பின்னால் பழைய வழக்குகள், போலீஸ் சமரசக் கடிதங்கள், முந்தைய ஆயர்களின் ஆணைகள் இருக்கும். கோப்புகளைத் தேடி எடுத்து வாசியுங்கள், ஆயரிடம் பேசுங்கள், பிறகு தொடுங்கள். தொடாமலே காலம் கடத்தச் சொல்லவில்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கோயிலில் மக்களைச் சாதிப்படி பிரித்த சுவர் 1910-ல் இடிக்கப்பட்டபோது வழக்கு ஆயர் மேலேயே போடப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. ஆயர் பின்னால் நிற்காமல் ஒரு பங்குத்தந்தை தனியாகத் தாங்கக் கூடிய விஷயம் அல்ல இது.

இதையொட்டி இன்னொரு நுணுக்கம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அதனால் பல குடும்பங்களில் அரசுச் சான்றிதழில் ஒரு பெயரும் கோயில் பதிவேட்டில் ஒரு பெயரும் இருக்கும். குடும்ப விவரம் சேகரிக்கும்போது ஆதார் நகல் கேட்பது, ஒலிபெருக்கியில் சான்றிதழ்ப் பெயரை வாசிப்பது இரண்டும் அவர்களைச் சங்கடத்தில் தள்ளும். அவர்கள் கோயிலில் எந்தப் பெயரில் அறியப்படுகிறார்களோ அந்தப் பெயர் உங்களுக்குப் போதும்.

முதல் வாரம் கதவைத் தட்டுகிறவர்கள்

பழைய சாமியாரோடு பிணங்கியவர்கள்தான் முதலில் வருவார்கள். பழம், ஹார்லிக்ஸ், ஒரு நீண்ட கதை. கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எழுதிக் கொடுங்க ஐயா, பேரவையில் வைக்கிறேன்" என்றால் பாதிப் பேர் எழுதித் தர மாட்டார்கள்; எழுதித் தருகிற பாதியில்தான் உண்மையான பிரச்சினை இருக்கிறது. மொட்டைக் கடிதமும் வரும். அதைப் பிரசங்கத்தில் குறிப்பிடவே கூடாது. குறிப்பிட்டால் வாரம் ஒன்று வர ஆரம்பிக்கும்.

அடுத்து, பள்ளியில் சீட்டு கேட்டு வருகிறவர்கள். விதிமுறையைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகை, பதிவேட்டில் திருத்தம் கேட்பவர்கள். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதியை மாற்ற வேண்டும், பெயரில் ஒரு எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்பார்கள். பழையவர் மறுத்திருப்பார், புதியவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்ற கணக்கு. மூலப் பதிவின் மேல் பேனா வைக்கக் கூடாது. ஆவணங்களோடு மறைமாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, அனுமதி வந்தால் ஓரக்குறிப்பாக எண்ணும் தேதியும் போட்டுச் சேர்க்க வேண்டும். அதே உட்காரலில் திருமணப் பதிவேட்டையும் புரட்டுங்கள். வேறு பங்கில் திருமுழுக்குப் பெற்றவர்களின் திருமணச் செய்தியை அந்தப் பங்குக்கு அனுப்பியிருக்கிறார்களா, 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் கேட்கும் காலாண்டு அறிக்கை போயிருக்கிறதா என்று பார்த்தால், இரண்டிலும் ஏதாவது விட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வீடு வீடாக

உண்மையான அறிமுகம் இங்கேதான் நடக்கிறது. முந்நூறு குடும்பம் உள்ள பங்கென்று வைத்துக்கொண்டால், ஒரு மாலைக்கு ஆறு வீடு, வாரத்துக்கு நான்கு மாலை, ஆக இருபத்துநான்கு. பதின்மூன்று வாரத்தில் முடியும். ஒரு மாலைக்குப் பதினைந்து வீடு என்று ஓடினால் ஒரு பெயரும் நினைவில் நிற்காது. ஆசீர் மட்டும் கொடுத்துவிட்டுத் தபால்காரர் மாதிரி அடுத்த வாசலுக்குப் போவதாக ஆகிவிடும்.

அதற்கும் முன்னால் நோயாளிகள். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போகும் மாத முதல் வெள்ளிக்கு முன் அருட்சகோதரிகளிடமும் உபதேசியாரிடமும் தனித்தனியாகப் பட்டியல் வாங்குங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. சேர்த்துப் பார்த்தால் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்றிரண்டு படுக்கைகள் வெளியே வரும். பெரும்பாலும் வரி கட்டாததால் பட்டியலிலிருந்து நழுவியவர்கள்.

வீடு சந்திப்பைக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து தொடங்காமல் கடைசித் தெருவிலிருந்தோ கிளைக் கிராமத்திலிருந்தோ தொடங்குங்கள். அன்பிய ஒருங்கிணைப்பாளர் கூட வரட்டும், ஆனால் பேரவைப் பெருந்தலைகள் வேண்டாம். அவர்கள் கூட நின்றால் வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒரு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வாசலில் நின்றபடி ஜெபித்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். எல்லா வீட்டிலும் உட்காருங்கள், எல்லா வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். காப்பி எங்கேயும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஆறு வீட்டிலும் தப்பிக்கலாம். காணிக்கைக் கவரை அந்தச் சந்திப்பில் வாங்காதீர்கள். நீட்டினால், "ஞாயிறு உண்டியல்ல போடுங்கம்மா" என்று சொன்னால் போதும்.

வெளியே வந்ததும் நோட்டில் எழுதிவிடுங்கள்: பெயர்கள், வேலை, யார் வெளிநாட்டில், யாருக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளைக்கு இன்னும் புதுநன்மை (முதல் நற்கருணை) ஆகவில்லை. கோயிலுக்கு வராத வீடுகளுக்கு ஒரு குறி போடுங்கள். ஏன் வரவில்லை என்று முதல் சந்திப்பில் கேட்க வேண்டாம். இரண்டாவது முறை போகும்போது அவர்களே சொல்வார்கள்: கல்யாணத்துக்கு ஓலை எழுத மறுத்தது, அடக்கத்துக்கு வரி பாக்கி கேட்டது, திருவிழாவில் ஒதுக்கியது என்று.

பணக் கணக்கு

முதல் ஞாயிறு உண்டியலிலிருந்தே பழக்கத்தைத் தொடங்குங்கள். பூசை முடிந்ததும் மூன்று பேர் சேர்ந்து எண்ணி, ஏட்டில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அறையில் வைத்து நீங்களே எண்ணக் கூடாது. நிதிக் குழு இல்லாத பங்கென்றால் அதை அமைப்பது விருப்பம் அல்ல, சட்டம் 537 சொல்லும் கட்டாயம். முதல் மாத முடிவில் ஒரு தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்: ஒப்படைப்பு நாளில் இருந்த இருப்பு, வந்தது, செலவானது, பாக்கிக் கடன். ஒப்படைப்பு இருப்பில் குறை தெரிந்தால் அதைப் பலகையிலோ பீடத்திலோ பேசாமல் ஆயர் இல்லத்துக்கு எழுதுங்கள். பலகையில் ஒட்டுவது ஒப்படைப்புத் தாளில் இருவரும் கையெழுத்திட்ட தொகை மட்டும். திருவிழாக் கமிட்டிக்குத் தனி வங்கிக் கணக்கு இருந்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று கொடியேற்றத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.